பை நிறைஞ்சு போச்சுங்க!

போன இதழில், கேம் விளையாடுகிறவர்கள் எங்கே சிக்கி நிற்கிறீர்கள் என்று எழுதச் சொல்லி ஒரு வரி போட்டிருந்தேன். டிராகனை எப்படி வீழ்த்துவது, கடைசியில் வரும் பெரிய எதிரியான பாஸுக்கு என்ன வழி என்றுதான் கேட்பார்கள் என்று நினைத்து அதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கேமுக்குள் கிடைத்த பொருளைப் போட்டு வைக்கிற பையில் இடம் இல்லை. சண்டையில் தோற்றதைவிட, மூட்டையைத் தூக்க முடியாமல் குகை வாசலில் நின்றதுதான் நம் ஊர் ஆட்களுக்குப் பெரிய மனக்குறை போலிருக்கிறது. சரி, இந்த மாதம் முழுக்க மூட்டை முடிச்சுக் கேள்விகளே இருக்கட்டும்.

கேள்வி: வணக்கமுங்கண்ணா. ஸ்கைரிம் இப்பத்தான் ஆரம்பிச்சேன். ஒரு குகைக்குள்ள போனா பாதியிலயே சுமை அதிகம்னு வந்துடுது. அப்புறம் ஓட முடியல, ஃபாஸ்ட் டிராவல் பண்ணி ஒரே தாவா வேற ஊருக்குப் போகவும் முடியல, ஆமை மாதிரி நடந்துதான் வெளிய வர்றேன். எதையும் விட்டுட்டு வரவும் மனசு வரமாட்டேங்குது. என்னங்க பண்றது?
கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, அந்த கேம் வந்தது 2011-இல். அன்று முதல் இதைக் கேட்காத ஆளே கிடையாது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் உங்கள் ஆள் 300 வரை தூக்குவான். லெவல் ஏறும்போது ஸ்டாமினா எனும் உடல் தெம்பில் போட்டால் ஒவ்வொரு தடவையும் 5 கூடும், அவ்வளவுதான். 100 கூட வேண்டுமென்றால் இருபது லெவலை இதற்கே தாரை வார்க்க வேண்டும். சாலிட்யூட் நகருக்கு வடமேற்கே ஸ்டீட் ஸ்டோன் என்று ஒரு கல் நிற்கிறது, அதைப் போய்த் தொட்டால் அதே 100 ஒரே அடியில் கிடைத்துவிடும். ஏற்கெனவே தொட்டிருந்த வேறு கல்லின் பலன் மட்டும் போய்விடும். ஆனால் தூக்குகிற சக்தியைக் கூட்டுவதெல்லாம் இரண்டாவது வேலைதான். 300 தூக்குகிறவன் 300-ஐ நிரப்புவான், 400 தூக்குகிறவன் 400-ஐ நிரப்பிவிட்டு அதே குகை வாசலில் நின்று எனக்குக் கடிதம் எழுதுவான்.

பொள்ளாச்சிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தேங்காயை மட்டையோடு ஏற்றினால் என்ன ஆகும்? வண்டி சீக்கிரம் நிறைந்துவிடும், வாடகை கொடுத்தது போகக் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. அதையே உரித்து உடைத்துக் காயவைத்துக் கொப்பரையாக ஏற்றினால் அதே வண்டியில் போகிற பணம் வேறு. குகைக்குள்ளும் இந்தக் கணக்குதான். ஒரு பொருளின் மதிப்பை அதன் எடையால் வகுத்துப் பாருங்கள். இரும்பு வாள்: எடை 9, மதிப்பு 25, ஒரு எடைக்கு மூன்று காசுகூடத் தேறாது. இரும்புக் கவசம்: எடை 30, மதிப்பு 125, எடைக்கு நாலு காசு. ஆனால் செத்துக்கிடக்கிற திருடன் சட்டைப்பையில் கிடைக்கிற தங்க மோதிரம் எடை கால்தான், மதிப்பு 75. எடைக்கு 300 காசு ஆகிறது! நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், வாள் பெரிதாகப் பளபளவென்று இருக்கிறதென்று நாலு வாளைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். நாலு வாள் 36 எடை. அந்த எடையில் 144 மோதிரம் வரும்.

நான் வைத்திருக்கிற கோடு, எடைக்குப் பத்துக் காசு. அதற்குக் கீழே இருந்தால் கையால் தொடுவதில்லை. ஆரம்பத்தில் கையில் காசே இல்லாதபோது கோட்டை ஐந்துக்கு இறக்கிக்கொள்ளலாம், அப்புறம் பணம் சேரச்சேர இருபது முப்பது என்று ஏற்றிக்கொண்டே போகலாம். அம்பு, பூட்டுத் திறக்கிற கம்பி, தங்கக் காசு, இதற்கெல்லாம் எடையே கிடையாது, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளுங்கள். ஏமாற்றுகிற ஒன்று டிராகன் எலும்பு. எடை 15, மதிப்பு 500, கணக்குப்படி நல்ல சரக்குதான், ஆனால் டிராகனோ விடாமல் வந்துகொண்டே இருக்கும், நாலு டிராகன் அடித்ததும் வீடே சுடுகாடு மாதிரி ஆகிவிடும். கவசம் செய்கிற அளவுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுவிடுங்கள்.

விற்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பொதுவான கடைக்காரரிடம் ஆரம்பத்தில் 750 காசுதான் இருக்கும், கொல்லரிடம் 1000. அது தீர்ந்தால் 48 மணி நேரம், அதாவது கேமுக்குள் இரண்டு நாள், கழித்துத்தான் கல்லாப்பெட்டி திரும்ப நிறையும். பத்தாயிரம் மதிப்புக்குச் சரக்கைக் கட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் கொட்டினால் அவர் என்ன செய்வார் பாவம். ஊர் ஊராகப் பிரித்து விற்க வேண்டியதுதான். மிச்சத்தை வைக்க வைட்ரன் ஊரில் 5000 காசுக்கு ஒரு வீடு வாங்கலாம், அதில் உள்ள பெட்டிகளில் வைத்தது வைத்தபடி இருக்கும். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று தெருவில் கிடக்கிற பீப்பாயில் போட்டு வைத்துவிடாதீர்கள், பல பீப்பாய்களில் கொஞ்ச நாளில் உள்ளே இருப்பது மாயமாகிவிடும். நான் அப்படித்தான் ஒரு முழுக் கவசத்தைப் பறிகொடுத்தேன், அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த கேமைத் தொடவே இல்லை.

அவசரத்துக்கு ஒரு வழி: குதிரைமேல் ஏறிக்கொண்டால் சுமை அதிகமாக இருந்தாலும் ஃபாஸ்ட் டிராவல் வேலை செய்யும்.

கேள்வி: ஃபைனல் ஃபேன்டஸி வரிசையில் நாலு கேம் முடிச்சுட்டேனுங்க. ஒவ்வொண்ணுலயும் கடைசியில பார்த்தா எலிக்ஸர்ங்கற அரிய மருந்தெல்லாம் பையில அப்படியே கிடக்குது. அப்புறம் தேவைப்படும், அப்புறம் தேவைப்படும்னு வெச்சு வெச்சு, நிஜமாவே தேவைப்பட்டப்பவும் எடுக்கல. இது ஏதாச்சும் வியாதிங்களா?
வாசகி, ஈரோடு

பதில்: வியாதிதான் அம்மணி. எனக்கும் இருக்கிறது, அதனால் மருத்துவராகப் பேசாமல் பக்கத்துக் கட்டில் நோயாளியாகப் பேசுகிறேன்.

ஈரோட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, மஞ்சள் மூட்டையை மறந்துவிட்டீர்களா? எங்கள் அப்பாரு ஒரு வருஷம் மஞ்சளை வேகவைத்து, காயப்போட்டு, மெருகேற்றி, மூட்டை கட்டித் தாவாரத்தில் அடுக்கினார். விலை ஏறியது. இன்னும் ஏறும் என்றார். ஏறியது. இன்னும் கொஞ்சம் என்றார். இறங்கியது. இப்போது விற்றால் நஷ்டம், திரும்ப ஏறட்டும் என்றார். மூன்றாவது வருஷம் ஒரு மூட்டையைப் பிரித்தபோது உள்ளே வண்டு துளைத்துப் பொடிப்பொடியாகக் கொட்டியது, அந்தப் பொடி நிறம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எலிக்ஸரை வண்டு துளைக்காது, அது ஒன்றுதான் வித்தியாசம். கேம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அதன் விலை பூஜ்யம்.

உங்கள் கை என்ன செய்கிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாஸ் சண்டை, மூன்று பேரில் இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள், மூன்றாவது ஆளுக்கு உயிர் நூலில் தொங்குகிறது. பட்டியலைத் திறக்கிறீர்கள். கர்சர் கீழே போய் எலிக்ஸர்மேல் நிற்கிறது. ஒரு விநாடி யோசனை. திரும்ப மேலே வந்து சாதாரண மருந்தான போஷனை எடுத்துக் குடிக்கிறீர்கள், அடுத்த அடியில் ஆள் காலி. அந்த ஒரு விநாடியில் உங்கள் மனசு சொல்வது, 'இது கடையில் கிடைக்காது, போனால் போனதுதான்' என்பதைத்தான். உயிரையும் மந்திர சக்தியையும் ஒரே மடக்கில் முழுசாக நிரப்புகிற சாமான், பெரும்பாலும் பெட்டிக்குள்ளும் பாஸைக் கொன்றும்தான் கிடைக்கும். கிடைக்காத பொருளுக்கு நாமாக ஒரு விலையைக் கற்பனை செய்து வைத்துக்கொள்கிறோம். ஆனால் தோற்றால் திரும்ப விளையாட வேண்டிய இருபது நிமிஷத்துக்கு மட்டும் விலையே போடுவதில்லை.

கேம் செய்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. 2015-இல் வந்த விட்ச்சர் 3-இல் ஒரு மருந்தை ஒரு தடவை காய்ச்சினால் போதும். அப்புறம் தியானத்தில் உட்காரும்போது பையில் நல்ல சரக்கு ஒரு பாட்டில் இருந்தால், தீர்ந்துபோன மருந்தெல்லாம் தானே நிறைந்துகொள்ளும். திரும்ப வரும் என்று தெரிந்ததும் நம் ஆட்களே கை நடுங்காமல் மடமடவென்று குடிக்கிறார்கள். எல்டன் ரிங்கில் இளைப்பாறும் இடத்தில் உட்கார்ந்தால் குடுவை நிறைந்துவிடுகிறது, அதுவும் இதே வைத்தியம்தான்.

பழைய கேம்களில் அந்த வசதி இல்லாததால் நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: எந்த அரிய பொருளும் இரண்டாவது கிடைத்ததும், முதலாவது அடுத்த சண்டையில் தீர்ந்தாக வேண்டும். தேவை இருக்கிறதோ இல்லையோ, குடித்தே ஆக வேண்டும். முதல் தடவை வயிறு எரியும். மூன்றாவது தடவை பழகிவிடும். நீங்களும் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: டயாப்லோ 2 காலத்து ஆளுங்க நான். பனியன் கம்பெனியில பேக்கிங் பார்க்கிறேன், அட்டைப்பெட்டியில ஒரு இன்ச் வீணாக்க மாட்டேன். ஆனா அந்த கேம் பையோட 40 கட்டம் மட்டும் எனக்கு அடங்கவே மாட்டேங்குது.
வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் தொழில்தான் இங்கே கைகொடுக்க வேண்டும், ஆனால் ஒரு விஷயத்தில் அதுவே காலை வாரிவிடுகிறது. அட்டைப்பெட்டிக்குள் போகிற பீஸ் எல்லாம் ஒரே அளவு. இங்கே மோதிரம் ஒரு கட்டம், உடல் கவசம் இரண்டுக்கு மூன்று, பெரிய ஆயுதங்கள் இரண்டுக்கு நாலு. பத்துக்கு நாலு பையில் எட்டுக் கட்டம் காலியாக இருக்கிறது என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், ஆனால் அது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் ஒரு ஈட்டி உள்ளே போகாது. அதனால் நிரப்புவதைப் பற்றி யோசிக்காதீர்கள், இரண்டுக்கு நாலு ஓட்டை ஒன்றை எப்போதும் காலியாக வைத்திருப்பதைப் பற்றி மட்டும் யோசியுங்கள். பை வேலை செய்வது அந்த ஓட்டையில்தான்.

அப்புறம் இரண்டாவது அத்தியாயத்தில் ஹொராட்ரிக் கியூப் கிடைக்கும், அதைக் கலவை போடுகிற பெட்டியாக மட்டும் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். பையில் அது பிடிக்கிற இடம் நாலு கட்டம், உள்ளே இருக்கிற இடம் பன்னிரண்டு. எட்டுக் கட்டம் சும்மா லாபம். ஊருக்குத் திரும்புகிற மந்திரச் சுருளைத் தனித்தனியாக வைக்காமல் புத்தகத்தில் சேருங்கள், ஒரு புத்தகம் இருபது சுருளை விழுங்கும். பொருளை அடையாளம் காட்டுகிற இன்னொரு புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள். டெக்கார்ட் கெய்ன் தாத்தாவைக் காப்பாற்றிவிட்டால் அவரே இலவசமாகப் பார்த்துச் சொல்வார், எதற்கு இரண்டு கட்டம் வீண்?

சார்ம் எனப்படும் தாயத்துகள்தான் உண்மையான தலைவலி. அது பையிலேயே இருந்தால்தான் பலன் தரும், கியூபுக்குள் வைத்தால் தராது. ஆக இடத்தைக் கொடுத்துச் சக்தியை வாங்குகிறீர்கள். சாமான் தேடிப் போகிற நாளில் பாதித் தாயத்தை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவதுதான் என் வழக்கம். 2021-இல் வந்த புதுப்பித்த பதிப்பில் எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவான பெட்டியே இருக்கிறது, பழைய காலத்து மாதிரி ஒரு ஆள் கீழே போட்டதை இன்னொரு ஆள் ஓடிவந்து எடுக்கிற கூத்து இனிமேல் வேண்டியதில்லை.

கேள்வி: என் பையன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுறான். பேக் ஆஃப் ஹோல்டிங்னு ஒரு பை, அடியே இல்லாத பைங்கறான். அப்படியுமா ஒண்ணு இருக்குது?
வாசகர், கோவை

பதில்: அடி இருக்கிறதுங்க, பையன் கொஞ்சம் மிகைப்படுத்துகிறான். இப்போதைய விதிப்படி அந்தப் பைக்குள் 500 பவுண்டு வரை வைக்கலாம், வெளியிலிருந்து தூக்கினால் 5 பவுண்டுதான் கனக்கும். கிழிந்தால் உள்ளே இருந்தது அத்தனையும் வேறு உலகத்துக்குப் போய்விடும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுகிற, 1974-இல் பிறந்த அந்த விளையாட்டின் பழைய பதிப்புகளில் எடையையே தங்கக் காசில்தான் கணக்கிட்டார்கள், இந்தக் கவசம் இத்தனை காசு கனம் என்று. நம் சந்தையில் படிக்கல்லை வைத்து நிறுத்தமாதிரி. பையன் கணினியில் நெட்ஹேக் என்ற 1987-ஆம் வருஷத்துப் பழைய கேமையும் ஆடுகிறான் என்றால் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: அதிலும் இதே பை உண்டு, அதற்குள் மந்திரத்தை அழிக்கிற கோல் ஒன்றைத் தெரியாமல் போட்டால் பை வெடித்துவிடும். பை காலி. பல மணி நேர உழைப்பு போய்த் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

கேள்வி: ஹாஸ்டல்ல நாலு பேரு சேர்ந்து பால்டர்ஸ் கேட் 3 விளையாடறோம். கிடைக்கிறதெல்லாம் ஒருத்தனே எடுத்துக்கறான். சண்டை நடுவுல மருந்து கேட்டா, தேடிட்டிருக்கேன் இருடாங்கறான். நாங்க செத்தே போயிடறோம்.
மாணவர்கள், கரூர்

பதில்: உங்கள் நண்பர் கெட்டவர் இல்லை, கல்யாண வீட்டில் சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தி நேரத்தில் காணாமல் போகிற மாமா மாதிரி ஒரு ஆள், அவ்வளவுதான். அவருக்கு வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் எவ்வளவு தூக்கலாம் என்பது அவருடைய பலத்தைப் பொறுத்தது, ஆகவே கனமான சாமான் பலசாலியிடம் போகட்டும். சாப்பாட்டுப் பொருளை யாருமே சுமக்க வேண்டாம், எடுத்ததும் முகாமுக்கு அனுப்புகிற வசதியைப் பயன்படுத்துங்கள். இரவு முழு ஓய்வுக்கு வழக்கமான நிலையில் 40 உணவுப் புள்ளி வேண்டும், கடினமான நிலையில் 80. அது முகாம் பெட்டியில் இருந்தாலே கணக்கில் சேரும். விற்க வேண்டியதையெல்லாம் விற்பனைச் சரக்கு என்று குறித்து வைத்தால் கடையில் ஒரே சொடுக்கில் தீர்ந்துவிடும்.

மருந்து மட்டும் ஆளுக்கு இரண்டு, அவரவர் பையில். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்னொரு சின்ன வித்தை: மருந்து பாட்டிலைக் குடிக்காமல், விழுந்து கிடக்கிறவர் பக்கத்தில் வீசி எறிந்தால் உடைந்து தெறித்து, அந்த வட்டத்துக்குள் இருக்கிற எல்லோருக்கும் குணமாகும். இரண்டு பேர் அருகருகே விழுந்திருந்தால் ஒரே பாட்டிலில் காரியம் முடிந்தது. மந்திரச் சுருளையும் மந்திரவாதிக்கென்று சேர்த்து வைக்காதீர்கள், அந்த கேமில் கத்தி பிடிக்கிறவர்கூடச் சுருளைப் படித்துத் தீயை வீசலாம்.

கேள்வி: எல்டன் ரிங்ல பை எவ்வளவு நிறைஞ்சாலும் ஒண்ணும் ஆகல. ஆனா புதுக் கவசம் போட்டதும், அடியிலருந்து தப்பிக்க உருள முடியாம தொப்புனு விழறேன். ஏனுங்க?
லாரி ஓட்டுநர், சங்ககிரி

பதில்: அண்ணா, எடைமேடையில் ஏறி இறங்கின உங்களுக்கு இது ஒரு நிமிஷத்தில் புரியும். அங்கே பைக்கு எடை இல்லை, உடம்பில் மாட்டியிருப்பதற்கு மட்டும்தான் எடை. உங்களால் தாங்க முடிகிற மொத்தச் சுமையில் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பஞ்சாக உருள்வீர்கள். 70-க்குக் கீழே என்றால் சாதாரணமாக. 70-ஐத் தொட்டால்தான் அந்தத் தொப்பு. ஓவர்லோடு வண்டியில் பிரேக் பிடிக்கிற கதை. பெரும்பாலும் கையுறையை மட்டும் லேசானதாக மாற்றினாலே கோட்டுக்குக் கீழே வந்துவிடும், முழுக் கவசத்தையும் கழற்றத் தேவையில்லை. கனமானதுதான் வேண்டும் என்றால் எண்டியூரன்ஸ் எனும் தாங்குசக்தியில் புள்ளி போட்டு வண்டியையே பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எட்டாவது படிக்கிற என் பையன் கேம்ல வாள் ஒரு பெட்டி, மருந்து ஒரு பெட்டி, கல்லு ஒரு பெட்டின்னு மணிக்கணக்கா அடுக்கறானுங்க. அவன் ரூம்ல கால் வைக்க இடமில்ல. துவைச்ச துணி எது, துவைக்காதது எதுன்னு எனக்கே தெரியல. இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?
ஒரு அம்மா, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்த கேமில் வரிசைப்படுத்த ஒரு பட்டன் இருக்கும், உங்கள் வீட்டு அலமாரியில் இல்லை, அது ஒரு காரணம். பை நிறைந்தால் கேம் அவனை நகரவிடாது, ரூம் நிறைந்தால் நீங்கள் சத்தம் போட்டுவிட்டு நீங்களே மடித்து வைத்துவிடுகிறீர்கள், அது இன்னொரு காரணம். ஒரு வாரம் மடிக்காமல் விட்டுத்தான் பாருங்களேன். இதை எழுதுகிற என் மேசைமேல் இந்த நிமிஷம் மூன்று காலி டீ டம்ளர், போன தீபாவளிக்கு வாங்கி இன்னும் பிரிக்காத ஒரு சட்டை, எதற்குப் பொருந்தும் என்றே தெரியாத நாலு சார்ஜர் இருக்கிறது. அதனால் இதற்குமேல் பேச எனக்கு யோக்கியதை இல்லைங்க.